மினியானில் டெங்கு மரபணு வரிசை: ராமநாதபுரம் கடற்கரையில் பல மழைக்காலம் ஓட்டிய அனுபவம்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து டெங்கு மாதிரிகளைப் பல மழைக்காலமாக மினியானில், அதாவது மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் கையடக்கக் கருவியில், ஓட்டியாகிவிட்டது. கருவி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது துல்லியத்தைப் பற்றித்தான். துல்லியம் போதுமானது. இந்தக் கரையில் ஓட்டம் கெடுவது பெரும்பாலும் கருவிக்கு வெளியே, ஐஸ் பெட்டியிலும் மாதிரிப் படிவத்திலும்.

காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்குள் எடுத்த சீரம்தான் வேண்டும். அதற்குப் பிறகு ஐஜிஎம் (உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் வரும், ஆனால் ரத்தத்தில் வைரஸ் ஆர்என்ஏ வேகமாகக் குறைந்துவிடும். ரியல்டைம் பிசிஆரில் சிடி மதிப்பு (வைரஸ் தென்படும்வரை பெருக்க வேண்டிய சுற்றுகளின் எண்ணிக்கை; குறைந்தால் வைரஸ் அதிகம்) 30க்குள் இருந்தால் ஏறக்குறைய முழு மரபணுவும் கிடைக்கும். 30ஐத் தாண்டினால் நடுநடுவே ஓட்டை விழும். 35க்கு மேல் ரசாயனத்தை வீணாக்க வேண்டாம்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் போல. உலர்பனிக்கட்டிக்கு அலைய வேண்டியதில்லை, மீனுக்குப் போடும் ஐஸே அந்தத் தூரத்துக்குப் போதும். உருகிய தண்ணீர்தான் பிரச்சினை: லேபிள் மை கரையும், மூடி வழியே உள்ளேயும் கசியும். மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம், குழாய்களுக்கு ஜிப் உறை, லேபிளில் பென்சில் எழுத்து, இந்த மூன்றும் கட்டாயம். அன்றைக்கே ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க வழியில்லை என்றால் 140 மைக்ரோலிட்டர் சீரத்தை 560 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபரில் (வைரஸை உடைக்கும் கரைசல்) கலந்து வைத்துவிடுங்கள். ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் அதில் அடங்கிவிடும். அந்தக் கழிவில் மட்டும் பிளீச் ஊற்றவே கூடாது. பஃபரில் உள்ள குவானிடின் உப்போடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும்.

டெங்குவில் நான்கு வகை. ஒரு வகைக்கான பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இன்னொன்றுக்கு ஒட்டாது. எனவே எந்த வகை என்று பிசிஆரில் பார்த்த பிறகே பிரைமர் தொகுப்பைத் தொட வேண்டும். சுமார் 10,700 எழுத்து நீள மரபணுவை 400 எழுத்துத் துண்டுகளாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பெருக்குகிறோம். அடுத்தடுத்த துண்டுகளின் பிரைமர்கள் ஒரே குழாயில் இருந்தால் படியும் ஓரம் மட்டுமே பெருகி மற்றதை விழுங்கிவிடும். அதனால்தான் இரண்டு குழாய். சுழற்சி 98 டிகிரியில் 15 நொடி, 65 டிகிரியில் 5 நிமிடம், அதிகபட்சம் 35 தடவை. ஒரே துண்டு எல்லா மாதிரியிலும் விடுபட்டால் மாதிரியைக் குறை சொல்லாதீர்கள். பிரைமர் உட்காரும் இடத்தில் வைரஸ் மாறியிருக்கும். அந்த ஜோடியின் அளவைக் கூட்டிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் பிரைமரை மாற்றி எழுத வேண்டும்.

பெருக்கிய குழாயைத் திறந்த அறைக்குள் பிசிஆர் கலவை தயாரிக்கவே கூடாது. பிப்பெட், கோட்டு எல்லாம் தனித்தனி. மாதிரி இல்லாத வெறும் தண்ணீரையும் பிரித்தெடுப்பிலிருந்து கடைசிவரை கூடவே ஓட்டி, அதற்கும் ஒரு பார்கோடு (எந்த மாதிரி என்று காட்டும் டிஎன்ஏ குறி) கொடுங்கள். தண்ணீர்க் குழாயில் ஏதாவது ஒரு பகுதி 20 மடங்கு ஆழத்தைத் தொட்டால், அதாவது 20 முறை படிக்கப்பட்டால், அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி செய்வதுதான் நேர்மை.

ஃப்ளோ செல்லை (மரபணுவைப் படிக்கும் நுண்துளைகள் கொண்ட, மினியானில் செருகும் தகடு) 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். வந்த அன்றே துளைகளை எண்ணிப் பாருங்கள். 800க்குக் குறைந்தால் உத்தரவாதக் காலத்துக்குள் மாற்றித் தருவார்கள். புதுக் கை தவறு செய்வது நிரப்பும்போதுதான். பிரைமிங் துவாரத்தைத் திறந்ததும் பிப்பெட்டின் அளவுச் சக்கரத்தை மெல்லத் திருப்பி 20 முதல் 30 மைக்ரோலிட்டர் மட்டும் இழுக்க வேண்டும். முனையில் மஞ்சள் நிறத் திரவம் துளி ஏறியதும் நிறுத்துங்கள். பிறகு அதே துவாரத்தில் பிரைமிங் கலவை 800 மைக்ரோலிட்டர், ஐந்து நிமிடம் பொறுத்து, மேல் மூடியைத் திறந்துவைத்து அதே பிரைமிங் துவாரத்தில் இன்னொரு 200. கடைசியில் 75 மைக்ரோலிட்டர் நூலகத்தை (படிக்கத் தயாராக்கிய டிஎன்ஏ கலவை) மேல் மூடிக்குக் கீழுள்ள துவாரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு சொட்டு உள்ளே இறங்கிய பிறகே அடுத்தது. ஒரு காற்றுக் குமிழி சென்சார்மேல் ஓடினால் அது தொட்ட துளைகள் அத்தனையும் போச்சு, திரும்ப வராது.

கழுவி மறுபடி பயன்படுத்தலாம். பழைய நூலகத்தின் மிச்சம் கொஞ்சம் தங்கும் என்பதால் இரண்டாம் ஓட்டத்துக்கு வேறு பார்கோடு போடுங்கள். ஓடும்போது ஃப்ளோ செல் 34 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஏசி இல்லாத அறையில் கோடை மதியத்தில் அது நிலைக்காது. மின்சாரம் விட்டு விட்டு வரும் ஊர்களில் மடிக்கணினிக்கும் யுபிஎஸ் தேவை. கணினி தூங்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். உப்புக்காற்று யூஎஸ்பி முனையைப் பச்சை பூக்க வைக்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ படிப்பது பழைய ஆர்9.4.1 வகை ஃப்ளோ செல் துளையின் கோளாறு. புதிய ஆர்10.4.1இல் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. டெங்குவின் புரதங்கள் அத்தனையும் சுமார் 3,390 அமினோ அமிலம் கொண்ட ஒரே நீளத் தொடராக எழுதப்படுகின்றன. நடுவில் ஓர் எழுத்து விடுபட்டு, மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகம் குலைந்தால் அந்த வைரஸ் பிழைத்திருக்கவே முடியாது. ஆகவே அதைப் புதுத் திரிபு என்று அறிவிக்காமல் கருவியின் பிழையாக எடுத்து, அந்த இடத்து வாசிப்புகளைக் கண்ணால் பாருங்கள்.

டெங்கு மரபணுவில் ஆண்டுக்குச் சுமார் எட்டு எழுத்துதான் மாறுகிறது. ஒரே வாரம், பக்கத்துப் பக்கத்துத் தெரு என்றால் இரண்டு வரிசையும் பெரும்பாலும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இதில் சொல்ல முடியாது. இங்கேயே சுற்றும் வைரஸா, வெளியிலிருந்து புதிதாக வந்ததா என்று சொல்லலாம். ராமேஸ்வரத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் யாத்ரீகர்கள் வருகிறார்கள். அதனால் படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதி, ஊர், முந்தைய 14 நாள் பயணம் மூன்றும் காலியாக இருந்தால் அந்த வரிசையால் பெரிய பயனில்லை.

முடிவு வரும்வரை கொசு ஒழிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். குடிநீர் தட்டுப்பாட்டால் இங்கே வீட்டுக்கு வீடு டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் உண்டு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது அவற்றில்தான். உள்சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; எந்த வகை டெங்கு என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வேலை அதேதான்.