சரக்கு லாரித் தேவையைக் கணிக்கும் மென்பொருள்: மூன்று வருட அனுபவம்

சிங்கப்பூர் ஜூரோங்கில் பன்னிரண்டு பிரைம் மூவர் (கண்டெய்னர் இழுக்கும் லாரி) வைத்திருக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. அடுத்த வாரம் எத்தனை கண்டெய்னர் வரும், எத்தனை டிரைவர் வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை 2023-இல் மாதச் சந்தாவுக்கு எடுத்தோம். பழைய கணக்கெல்லாம் நோட்டில் கிடந்ததால் அந்த வருடத்துத் தகவலை மட்டும்தான் ஏற்ற முடிந்தது.

சாதாரண வாரங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் அடி சீனப் புத்தாண்டில் விழுந்தது. 2023-இல் அது ஜனவரி 22, 2024-இல் பிப்ரவரி 10. மென்பொருளுக்கோ ஆங்கில மாதம்தான் தெரியும், அதனால் ஜனவரி கடைசியில் வேலையே இருக்காது என்றது, நாங்களும் நம்பி மூன்று டிரைவர்களுக்கு லீவு கொடுத்தோம். பண்டிகைக்கு முந்தைய அவசரம் முழுக்க அந்த வாரத்தில்தான் வந்து குவிந்தது! தீபாவளியும் அப்படித்தான், 2023-இல் நவம்பர் 12, 2025-இல் அக்டோபர் 20. இப்போது பண்டிகைத் தேதிகளை நானே கையால் போட்டுவிடுகிறேன்.

செங்கடல் பிரச்சினையில் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, 2024 நடுவில் இங்கே மொத்தமாகக் குவிந்தபோது, கெப்பல் துறைமுக முனையத்தில் நிறுத்தி வைத்திருந்த பழைய கப்பல் துறைகளைக்கூட மறுபடி திறந்தார்கள். அதைக் கணிக்கவில்லை என்று மென்பொருளைத் திட்டுவது நியாயமில்லை.

ஆனால் ஒரு விஷயம் ரொம்ப நாள் பிடிபடவில்லை. வியாழக்கிழமைகளில் எப்போதும் முப்பது ட்ரிப்புக்கு மேல் அது காட்டியதே இல்லை, போனோ காலையிலிருந்து ஓயாது. டிஸ்பாட்ச் அண்ணன்தான் சொன்னார்: “தம்பி, வண்டி இல்லைன்னு நாம திருப்பி அனுப்பினது அதுக்கு எப்படித் தெரியும்?” சரிதான். நாங்கள் ஏற்றியிருந்தது ஓடிய ட்ரிப் கணக்கு. பன்னிரண்டு வண்டி முப்பதுக்கு மேல் ஓடாது, மென்பொருள் அதையே தேவை என்று எடுத்துக்கொண்டது. மறுத்த வேலையெல்லாம் வாட்ஸ்அப்பில் “சாரி பாஸ்” என்பதோடு காணாமல் போயிருந்தது.

அப்புறம் மறுத்ததற்கும் தனியாக ஒரு நெடுவரிசை போட்டு அண்ணன் எழுத ஆரம்பித்தார். முதல் மாதம் பாதி நாள் மறந்தார், பரவாயில்லை. நாலு மாதத்தில் வியாழன் கணிப்பு நாற்பதைத் தொட்டது. இப்போது புதன் மதியமே இரண்டு மூன்று வெளி வண்டிகளுக்குச் சொல்லி வைக்கிறோம். சந்தாவை இந்த வருடமும் நீட்டியாகிவிட்டது, மலிவான பிளானுக்கு.