தொடர் நாடகத்தில் நடுவே சேரும் குரலுக்கு ஜூம் எச்1என்: கடற்கரை வீட்டில் எப்படி?

பல வருஷமாக ஓடும் வானொலி நாடகத்தில் புதிதாகச் சேர்கிறவருக்கு வசனத்தால் பெரிய கஷ்டம் இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம். ஒட்டாமல் போவதுதான் கஷ்டம். பழைய ஆட்களின் குரலெல்லாம் ஒரே அறையில், ஒரே தூரத்தில் பதிவானவை. அதற்கு நடுவில் புதுக்குரல் ஒன்று கூடத்து எதிரொலியோடு வந்தால், நடிப்பு எப்படி இருந்தாலும் கேட்கிறவருக்கு அந்தப் பாத்திரம் வேறு வீட்டிலிருந்து பேசுவதாகவே படும்.

பிபிசியில் 1951 ஜனவரி 1 முதல் ஓடும் 'தி ஆர்ச்சர்ஸ்' நாடகத்துக்கு ஸ்டுடியோ உண்டு. வீட்டுக்குள் நடக்கும் காட்சிக்கு ஓர் இடம், வயல்வெளிக் காட்சிக்கு எதிரொலி துளியும் இல்லாத இன்னொரு இடம். (கேட் திறக்கும் சத்தத்துக்குப் பழைய இஸ்திரி மேசையைக் கிறீச்சிட வைப்பார்கள்.) பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் இருந்து சமுதாய வானொலிக்கோ இணைய நாடகத்துக்கோ குரல் கொடுப்பவருக்கு அந்த வசதி ஏது? வீட்டிலேயே பதிந்து அனுப்பத்தான் பலர் ஜூம் எச்1என் என்ற இந்தக் கையடக்க ரெக்கார்டரை வாங்குகிறார்கள்.

கருவி சின்னது. பேட்டரி இல்லாமல் சுமார் 60 கிராம். இரண்டு ஏஏஏ பேட்டரியில் 10 மணி நேரம் வரை ஓடும். 32 ஜிபி வரை மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம். தலைப்பக்கம் இரண்டு மைக் குறுக்காக, 90 டிகிரியில் அமர்ந்திருக்கும். வானொலி நாடகத்துக்கு இந்த அமைப்பு நல்லது. இரண்டும் ஒரே புள்ளியில் இருப்பதால், நிலையத்தில் ஸ்டீரியோவை மோனோவாக மாற்றினாலும் குரல் மெலியாது. ஆனால் பேசும்போது தலையை இடமும் வலமும் ஆட்டினால் குரலும் ஆடும். முகம் மைக்குக்கு நேராக நிற்கட்டும்.

பெரிய குறை, கைச்சத்தம். பிளாஸ்டிக் உடம்பு, விரல் நகர்ந்தால்கூடக் கரகரவென்று பதியும். கையில் பிடித்துக்கொண்டு நாடகம் பேசவே கூடாது. பின்பக்கம் சாதாரண டிரைபாட் திருகும் துளை இருக்கிறது. சின்ன டிரைபாடில் மாட்டி, அடியில் நாலாக மடித்த துண்டைப் போட்டு, மேசைமேல் வையுங்கள். துண்டு இல்லாவிட்டால் மேசையில் பட்ட முழங்கையும் பதிவாகும்.

அமைப்புகளில் முதலில் அணைக்க வேண்டியது ஆட்டோ லெவல், அதாவது பதிவின் சத்த அளவைக் கருவியே மாற்றிக்கொள்ளும் வசதி. இது போட்டிருந்தால் வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையிலுள்ள மௌனத்தில் கருவி தானே சத்தத்தைக் கூட்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் கடலும் மின்விசிறியும் மேலே ஏறி, பேசத் தொடங்கியதும் அமுங்கும். நிலையத்தில் இருப்பவரால் இதைச் சரிசெய்யவே முடியாது. பதிவின் சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைக் கையால் திருப்பி, காட்சியில் மிக உரக்கப் பேசும் வரியைச் சொல்லிப் பார்த்து, அது மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வையுங்கள். கத்தும் வரியை முன்னால் சோதிக்காமல் பதிவைத் தொடங்குவதால்தான் பல பதிவுகள் கெடுகின்றன. லிமிட்டர் (அளவு மீறும் சத்தத்தை அமுக்கும் வசதி) இருக்கட்டும், திடீர் அலறலுக்கு உதவும். லோ கட் (அடித்தொனி அதிர்வுகளை வெட்டும் வசதி) 80 ஹெர்ட்ஸ் போதும். 160 வைத்தால் விசைப்படகு இன்ஜின் அதிர்வு குறையும், ஆண்குரலின் அடித்தளமும் கூடவே போய்விடும்.

தூரத்துக்குச் சாண் கணக்கே போதும். சாதாரணப் பேச்சுக்கு ஒரு சாண், ரகசியத்துக்கு அதில் பாதி, அடுத்த அறையிலிருந்து கூப்பிடும் வரிக்கு இரண்டு எட்டு பின்னால் போய் முகத்தையும் திருப்ப வேண்டும். கிசுகிசுப்பில் கருவியின் பலவீனம் தெரியும்: சக்கரத்தை ஏற்றினால் பின்னணியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறும். சக்கரத்தை விட்டுவிட்டு ஆளே நெருங்குவது மேல். ஆனால் நெருங்கும்போது 'படகு', 'பாட்டி' போன்ற சொற்களின் காற்று மைக்கில் அடிக்கும், ஆகவே வாயைக் கொஞ்சம் சாய்த்துப் பேச வேண்டும்.

அறை விஷயத்தில் இந்தக் கடற்கரைக்கு ஒரு விசித்திரம் உண்டு. கான்கிரீட் வீடு எதிரொலிக்கும். ஓலைக் கொட்டகையில் எதிரொலி குறைவு, ஆனால் காற்று எழுந்தால் ஓலை சரசரக்கும். சிமெண்ட் வீட்டின் உள்ளறையில் மெத்தையை நிறுத்தி, அதைப் பார்த்துப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் போர்வை தொங்கவிட்டால் வேலை முடிந்தது. மைக் நோக்குவது பேசுபவரை என்பதால் அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரே முக்கியம். பலர் முன்சுவரை மட்டும் மூடிவிட்டு, ஏன் இன்னும் கிணற்றுக்குள் பேசுவதுபோல இருக்கிறது என்று கேட்கிறார்கள். மின்விசிறி நிற்கட்டும், போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். பேசி முடித்ததும் அதே இடத்தில் அரை நிமிஷம் வெறும் அறையைப் பதிந்து கூடவே அனுப்புங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த மௌனத்தைத்தான் நிரப்புவார்கள்.

தாள்களைப் பின் அடிக்காதீர்கள். தனித்தனித் தாளாக, ஒரு மூலையை மடக்கிப் பிடித்து, வரி முடிந்தபின் பக்கவாட்டில் நழுவவிட வேண்டும். தடுக்கினால் பாதி வாக்கியத்திலிருந்து தொடராமல் முழு வரியையும் மறுபடி சொல்லுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் பகுதி எண், காட்சி எண், எத்தனையாவது டேக் என்று குரலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கருவி செய்யாத வேலையும் இருக்கிறது. விலகிப்போன நடிகரின் இடத்தில் வருபவர் அவர் குரலை மிமிக்ரி செய்ய வேண்டாம், இரண்டாவது வாரமே சாயம் வெளுத்துவிடும். அவருடைய வேகத்தையும், யாரிடம் பேசும்போது எங்கே நிறுத்துவார் என்பதையும் பழைய பகுதிகளில் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். கீழக்கரை வீட்டுப் பிள்ளை இத்தனை நாள் 'வாப்பா' என்று கூப்பிட்டிருக்க, புதியவர் 'அப்பா' என்றால் அன்றைக்கே நிலையத்துக்குப் போன் வரும்.

வெளியே கொண்டுபோய்க் கடல் சத்தம் பதிய நினைப்பவர்கள் தனியாக ரோமம் வைத்த காற்றுறை வாங்க வேண்டும். பஞ்சு உறை வீட்டுக்குள் மூச்சுக்காற்றைத் தடுக்கும், தனுஷ்கோடியில் அதனால் பிரயோஜனம் இல்லை. காற்று மைக்கையே நேராக அடிக்கும்போது லோ கட்டும் கைகொடுக்காது. கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்து பதிவதே வழி. எந்தக் கடல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) சீறும், தென்கடல் (மன்னார் வளைகுடா) பெரும்பாலும் அடங்கியிருக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் நிலைமை தலைகீழ். கதை ஐப்பசியில் நடக்க, தென்கடல் குமுறினால் தொழிலுக்குப் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

பதிவு வடிவம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பு. நிமிஷத்துக்குச் சுமார் 17 எம்பி. 32 ஜிபி கார்டில் 30 மணி நேரம் கொள்ளும். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிப் போகும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மெனுவில் பேட்டரி வகையையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மீதி அளவைத் தப்பாகக் காட்டி, காட்சி நடுவில் அணைந்துபோகும்.

உப்புக்காற்றுதான் இங்கே கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பேட்டரி முனைகளில் பச்சை படியும், பட்டன்கள் இறுகும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கடைக்காரர் கொடுக்கும் துணிப்பை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

பிறகு வந்த எச்1எசென்ஷியலில் 32 பிட் ஃப்ளோட் இருப்பதால் சத்த அளவைத் திருப்பி வைக்கும் வேலையே இல்லை. கத்தல் காட்சி அதிகமுள்ள பாத்திரம் என்றால், இன்று புதிதாக வாங்குபவர் அதையே வாங்கலாம். கைச்சத்தத்தையும் அறை எதிரொலியையும் அது குறைக்காது, மெத்தையும் துண்டும் அப்போதும் வேண்டும். ஏற்கெனவே எச்1என் வைத்திருப்பவர் மாற்ற அவசியம் இல்லை. முதல் பகுதிக்கு முன் 1 நிமிஷச் சோதனைப் பதிவை அனுப்பி, பழைய நடிகர் ஒருவரின் வரியோடு ஒட்டிப் போட்டுக் காட்டச் சொல்லி நிலையத்தில் கேளுங்கள்.