பழைய லாட்டிட்யூடுக்கு மாற்று அடாப்டர்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பின்

என் மடிக்கணினி டெல் லாட்டிட்யூட் இ6430. தமிழ்ப் பாடங்களைத் தட்டச்சு செய்ய இன்றும் அதுவே போதும். புதியது வாங்கச் சொல்லும் பிள்ளைகளிடம், இப்படியொரு விசைப்பலகை கிடைத்தால் வாங்குகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கூட வந்த அடாப்டரின் வயர் நெடுநாள் புழக்கத்தில் நைந்து செம்புக்கம்பி தெரிய ஆரம்பித்ததும் மாற்று தேடினேன்.

இங்கே மொரிசியசில், ரோஸ் ஹில் ஊரில் ஒரு கடையில், எல்லா மடிக்கணினிக்கும் பொருந்தும் என்று அட்டையில் எழுதிய ஓர் அடாப்டரைத் தந்தார்கள். முனை சரியாக உள்ளே போனது, விளக்கும் எரிந்தது. பேட்டரியில் மட்டும் மின்சாரம் ஏறவில்லை. தொடங்கும்போதே அடாப்டரின் வகை தெரியவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. கணினியும் நத்தையாக ஊர்ந்தது. பேட்டரி செத்துவிட்டது, அதையும் மாற்றுங்கள் என்றார் கடைக்காரர். பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை.

காரணம் முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி. மின்சாரம் அதன் வழியாகப் போவதில்லை. அடாப்டருக்குள் இருக்கும் சிறு சிப், தான் எத்தனை வாட் என்பதை அந்த ஊசி வழியாகத்தான் கணினிக்குத் தெரிவிக்கிறது. பதில் வராவிட்டால் கணினி பேட்டரியை ஏற்றாது, பிராசஸரின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஹெச்பியின் பழைய அடாப்டர்கள் பலவற்றிலும் இதே 7.4 மில்லிமீட்டர் முனை, இதே ஊசி. ஆனால் அவை 18.5 அல்லது 19 வோல்ட், அடையாளம் சொல்லும் முறையும் வேறு. முனை நுழைகிறதே என்று வாங்கிவிடக் கூடாது.

என் கணினிக்கு வேண்டியது 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர், பெருக்கினால் 90 வாட். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடினால் பாதகமில்லை, கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். குறைந்தால்தான் தொல்லை. 65 வாட் அடாப்டரிலும் ஓடும், ஆனால் கடினமான வேலை கொடுத்தால் திணறும்.

இரண்டாவதாக போர்ட் லூயிஸில் டெல்லுக்கென்றே செய்த 90 வாட் அடாப்டரை வாங்கினேன். இம்முறை மடிக்கணினியையும் எடுத்துப் போனேன். கணினி தொடங்கும்போது எஃப்2 விசையை அழுத்தி, பேட்டரி விவரம் இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்டும். 90 என்று வந்த பிறகே காசைக் கொடுத்தேன். விலை முதலாவதைப் போல இரு மடங்குக்கும் மேல், கொடுத்ததில் வருத்தமில்லை.

அடாப்டரிலிருந்து சுவருக்குப் போகும் வயரையும் மொரிசியசில் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் பிரிட்டிஷ் மூன்று முள் சாக்கெட்டும் உண்டு, பிரெஞ்சு இரு முள் சாக்கெட்டும் உண்டு. மூன்று துளை உள்ள இந்த அடாப்டருக்கு எர்த் தேவை. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து உறவினர் கொண்டுவந்த வயரை, எர்த் இல்லாத பழைய இரு துளை சாக்கெட்டில் செருகியபோது, கணினியின் உலோக மேல்பாகத்தைத் தொட்டால் விரல் நுனியில் மெல்லிய அதிர்வு தெரிந்தது. அடாப்டருக்குள் மின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் அது. பொதுவாக ஆபத்தில்லை, ஆனாலும் எழுதவிடாது. மூன்று முள் வயருக்கு மாறியதும் நின்றது. அந்தப் பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். 13 போட்டு விற்பவர்களும் உண்டு.

சில கோடைகள் கடந்தும் அடாப்டர் நன்றாக உழைக்கிறது. சூடாகும், கை பொறுக்கும் சூடுதான். மெத்தை மேல் வைப்பதில்லை. வயரை அடாப்டரைச் சுற்றி இறுக்குவதையும் விட்டுவிட்டேன், முதல் வயர் நைந்தது அந்த இடத்தில்தான். இடி மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

சென்ற ஆண்டு அதே எச்சரிக்கை மறுபடி தலைகாட்டியது. இம்முறை அடாப்டர் மேல் பழியில்லை. கணினிக்குள் இருக்கும் மின்செருகி ஆடியதால் ஊசியின் தொடர்பு விட்டுப் போயிருந்தது. இந்த மாடலில் அது தனி வயருடன் வரும் உதிரிபாகம், அதை மட்டும் மாற்றலாம். எச்சரிக்கை வந்ததும் புது அடாப்டர் வாங்க ஓடாமல், தெரிந்தவரிடம் ஒன்றைக் கடன் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதிலும் எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் கோளாறு கணினிப் பக்கம்தான்.