கட்டிபிடிக்கும் பூனை மணல்: வாசனை இல்லாததையே வாங்குங்கள்

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்து விலங்கு. கழிவை மண்ணில் புதைக்கும் பழக்கம் அங்கிருந்தே வருகிறது. பூனையின் கழிவுத் தட்டில் நிரப்பும் இந்த மணல், பொடிமணல் போன்ற பென்டோனைட் என்ற களிமண். பெரும்பாலான பூனைகள் அதைச் சட்டென்று ஏற்பதும் அதனால்தான். சிறுநீர் பட்டதும் உப்பிக் கட்டியாகிவிடும், அள்ளி எறிவது சுலபம். 5 முதல் 7 செ.மீ. ஆழம் நிரப்புங்கள், குறைந்தால் கட்டி தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டல்தான். தினமும் அள்ளாவிட்டால் பூனை மெத்தையைத் தேடிப் போகும். அது பழிவாங்கல் அல்ல, சுத்த உணர்வு. லாவெண்டர் மணம் சேர்த்த வகை மனித மூக்குக்கானது. பெரிய குறை தூசி. பையைத் தாழ்வாகப் பிடித்து மெதுவாகக் கொட்டுங்கள். கழிப்பறையில் போட்டால் குழாய் அடைக்கும். எதையும் வாயில் வைக்கும் சின்னக் குட்டிகளுக்கு இது வேண்டாம், கட்டிபிடிக்காத காகித உருண்டைகள் போதும்.