பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு பீரோ அடுக்குவது: மூன்று மழைக்காலம் பார்த்த பிறகு

'ஒரு வருஷமாகத் தொடாததைக் கழித்துவிடு' என்ற கணக்கு செட்டிநாட்டுப் பெரிய வீட்டு அலமாரிக்குப் பொருந்தாது. பல வீடுகள் வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), பிள்ளையார் நோன்பு என்று வந்தால்தான் திறக்கிறார்கள். ஐந்து வருஷம் கை படாத தாம்பாளம் ஆறாம் வருஷம் கல்யாணச் சீர்ச் சாமான் பரப்பும்போது முதல் வரிசைக்கு வரும். அதனால் எதை எடுத்தாலும் ஒரே கேள்விதான்: பத்து மாதம் யாரும் திறக்காவிட்டால் இது இந்த இடத்தில் கெடாமல் இருக்குமா?

அதிகம் ஏமாற்றியது அந்துருண்டை. உருண்டையையும் சூடத்தையும் ஒரே தட்டில் போடும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. தனித்தனியே இரண்டும் கெட்டிப் பொருள்தான். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் உருகுநிலை சுமார் 32 டிகிரிக்கு இறங்கிவிடும். சித்திரை வெயிலில் மூடிய இரும்பு பீரோ அதைச் சுலபமாகத் தாண்டும். கசிந்து மேல் புடவையில் இறங்கிய எண்ணெய்க்கறை போன்ற வட்டம் பட்டில் லேசில் போகாது. இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். அந்துருண்டை என்றால் தட்டுக்கு நான்கு போதும். சின்னத் துணி முடிச்சாகக் கட்டி மேலே தொங்கவிட வேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழ்நோக்கித்தான் இறங்கும். ஜரிகையில் நேரே படக்கூடாது.

தொட்டிலுக்கென்று எடுத்து வைக்கும் பழைய நூல் புடவைகள் இருக்கும் தட்டில் அந்துருண்டை கூடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்கு அந்த வாடை ஏறிய துணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். அந்தத் தட்டுக்கு வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி.

கண்டாங்கி என்ற காரைக்குடி நூல் புடவையின் கதை வேறு. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு புதிதாக வாங்கியவர்களும் பலர். பாட்டி காலத்துச் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் வைத்திருப்பவர்களும் பலர். கஞ்சி போட்டு மடித்து உள்ளே வைப்பதுதான் இரண்டு தரப்பும் செய்யும் தவறு. இராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து விருந்து. மடிப்பு ஓரங்களில் ஊசி முனை அளவு ஓட்டைகளும், மேல்நூலை மட்டும் சுரண்டியது போன்ற தேய்ந்த திட்டுகளும் தெரிந்தால் அதன் வேலைதான். நீண்ட நாள் வைக்கப்போகும் நூல் புடவையைக் கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்து வையுங்கள். கஞ்சி கட்டும் வாரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

பட்டுக்குப் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துச் சுற்றுவதே இன்னும் முதல் இடம். கடையில் விற்கும் ஜிப் வைத்த புடவை உறைகளில் முழுக்கப் பிளாஸ்டிக்கானது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். துணி போலிருக்கும் உறை பரவாயில்லை. ஆனால் சில வருஷத்தில் உதிர்ந்து தூளாகிறது, விரலால் கசக்கிப் பார்த்து மாற்றுங்கள். காற்றை உறிஞ்சி அமுக்கும் பை பட்டுக்கு வேண்டாம்: அழுத்தத்தில் மடிப்பு நிலைத்துப்போய் ஜரிகை அங்கேயே ஒடியும். இலவம்பஞ்சுத் தலையணையை அதில் அமுக்கினால் பிறகு பழைய உப்பல் வராது. அது ஜமுக்காளத்துக்கு மட்டும் உதவியது.

ஒரு அடுக்கில் எட்டுப் பட்டுக்கு மேல் வேண்டாம். புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை வளவு (வீட்டின் உள்முற்றம்) நிழலில் இரண்டு மணி நேரம் விரித்துவிட்டு, பழைய மடிப்பைத் தவிர்த்து மடியுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த ஒன்றை மட்டுமாவது ஒப்படைத்துவிடலாம்.

இனி அலமாரி. தேக்குச் சட்டத்தைக் கரையான் லேசில் தொடாது. பின்னாளில் யாரோ மாற்றிப் போட்ட பலகைதான் உளுத்துப்போகும். கீழ்த்தட்டில் முகப்பவுடர் போல நைசான தூள் குவிந்திருந்தால் அதற்கு நேர் மேலே உள்ள பலகையைக் கழற்றிப் பாருங்கள். இரும்பு பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள், சுண்ணாம்புச் சுவர் ஐப்பசி மழையில் ஈரம் குடிக்கும். கால்களுக்கு ரப்பர் குல்லா அவசியம்: தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் துருக்கறை இறங்கினால் தேய்த்து எடுக்க முடியாது, கல்லின் நிறம்தான் போகும். கதவு பூட்டாவிட்டால் பூட்டைக் குறை சொல்வதற்கு முன் ஒரு காலின் கீழ் மரச்சக்கை கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தரைமட்டம்தான் காரணம். பழைய பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசினாகிவிடும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டால் திரும்பும்.

பாத்திரம் பிரிக்க அதில் வெட்டியிருக்கும் விலாசமே, அதாவது குடும்பத்தின் பெயரெழுத்துகளே வழிகாட்டி. முதலில் விலாச வாரியாகப் பிரித்துவிட்டு அப்புறம்தான் வேண்டும், வேண்டாம் பேச்சு. பொதுச் சாமானில் ஒரு கரண்டியைக் கழிப்பதென்றாலும் பங்காளிகளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெள்ளியை ரப்பர் பேண்டிலோ செய்தித்தாளிலோ சுற்றாதீர்கள், கறுத்துப்போகும்; பருத்தித் துணியில் சுற்றி, சாக்பீஸ் இரண்டு போட்டுப் பையில் மூடுங்கள். விளிம்பு பெயர்ந்த இனாமல் தட்டு சாப்பாட்டுக்கு ஆகாது, ஆனால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மூன்றிலாவது விலை கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கதவின் உட்புறமும் ஒரு சிட்டை ஒட்டுங்கள். தட்டு, பொருள், எண்ணிக்கை, கடைசியாகப் பார்த்த தேதி, அவ்வளவுதான். பென்சிலில் எழுதுங்கள். பேனா மை மழைக்காலத்தில் பரவிவிடும். பென்சில் எழுத்து மூன்று மழைக்கும் அப்படியே நின்றது.