பாய்லர் மாற்றி நான்கு குளிர்காலம்

2021 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டரில் உள்ள எங்கள் வீட்டில் பழைய பாய்லரையும், மாடி அலமாரிக்குள் நின்ற செம்புத் தண்ணீர்த் தொட்டியையும் கழற்றிவிட்டு, ரேடியேட்டர்களையும் குழாய்த் தண்ணீரையும் ஒன்றே சூடாக்கும் 30 கிலோவாட் காம்பி கேஸ் பாய்லர் ஒன்றைப் போட்டோம். 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை வீடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேடியேட்டர்கள் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டன. பொருத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ தம்பி, எல்லாம் வடிவாப் பூட்டியாச்சு" என்றார். அந்தச் சூட்டிலேயே மயங்கி, பாக்கிப் பணத்தை அன்றே கொடுத்துவிட்டேன். இன்று யாராவது பாய்லர் மாற்றப் போகிறேன் என்றால், பாக்கியில் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொள் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

பாய்லரோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பெஞ்ச்மார்க் என்றொரு படிவம் இருந்தது. குழாய்களைக் கழுவினாரா, துருவுக்கு என்ன மருந்து ஊற்றினார், கேஸ் அழுத்தம் எவ்வளவு, புகையில் கார்பன் டை ஆக்சைடுக்குக் கார்பன் மோனாக்சைடு என்ன விகிதம் என்பதையெல்லாம் பொருத்துபவர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விகிதம் 0.004-க்குக் கீழே இருக்க வேண்டும். அளக்கும் கருவியே சீட்டும் அடித்துத் தரும். என் படிவத்தில் இருந்தவை தேதியும் பாய்லரின் வரிசை எண்ணும் மட்டுமே. அதைக் கவனிக்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது. வாரண்டி என்று போய் நின்றால் இந்தத் தாளைத்தான் கேட்பார்கள். ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன்: வேலை தொடங்கும் முன்பே கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்று காட்டும் அவருடைய கேஸ் சேஃப் அட்டையைப் பின்பக்கத்தோடு சேர்த்துப் பார்த்தேன். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். கட்டட விதிச் சான்றிதழும் தபாலில் வந்துவிட்டது. வேலை முடிந்த 30 நாளுக்குள் அவர் பதிவு செய்ய வேண்டியது அது. வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார்.

தண்ணீரைப் பார்க்கச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ரேடியேட்டரின் மேல்முனையில் காற்று விடும் திருகை லேசாகத் திறந்து ஓர் எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் பிடித்தேன். முதல் டிகாஷன் மாதிரி கறுப்பு. பாய்லர் புதிது என்றாலும் ரேடியேட்டர்கள் பழையவை. உள்ளே இரும்பு அரித்துச் சேர்ந்த சேறு அப்படியே இருந்தது. புது பாய்லரின் வெப்பமாற்றிக்குள் தண்ணீர் ஓடும் வழி மிகக் குறுகல், இந்தச் சேறு போய் அடைத்தால் செலவு பெரிது. காந்த ஃபில்டர் மட்டும் மாட்டியிருந்தார், அதுதான் காப்பாற்றியது. அடுத்த வசந்தத்தில் வேறொருவரை வைத்துக் கழுவி மருந்து ஊற்றினேன். அந்தச் செலவு என் தலையில்தான் விழுந்தது. முதல் பில்லிலேயே சேர்ந்திருக்க வேண்டிய வேலை அது.

பிரஷர் கதை சின்னது. ரேடியேட்டர் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் மானியில், ஆறியிருக்கும்போது முள் 1.2 பாரில் நின்றது. இரண்டு வாரத்தில் 0.8. மானியின் கண்ணாடியில் மார்க்கர் கோடு போட்டு வைத்துப் பார்த்ததில் இறக்கம் உறுதியானது. மாடி ரேடியேட்டர் ஒன்றின் நட்டுக்குக் கீழே பச்சைக் கறை. அரைச் சுற்று முடுக்கியதும் கசிவு நின்றது.

என்னை நிஜமாக உட்கார வைத்தது சின்ன அறை. மற்ற அறைகள் 21 டிகிரியில் இருக்க, அது 17-ஐத் தாண்டாது. பாய்லர் போதாதோ என்று சந்தேகப்பட்டேன். விஷயம் வேறு. தண்ணீர் சுலபமான வழியைத்தான் பிடிக்கும். பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்கள் எல்லாவற்றையும் குடித்துவிட, கடைசியில் இருப்பது காய்கிறது. ஒவ்வொரு ரேடியேட்டரிலும் எண் போட்ட வால்வு ஒரு பக்கம் இருந்தால், மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக் மூடி போட்ட வால்வு ஒன்று இருக்கும். அதைத் திருகித்தான் ஓட்டத்தைச் சமன் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்பது மூடிகளைக் கழற்றினேன், ஒன்பதும் முழுக்கத் திறந்து கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சின்ன ஸ்பானரும், குழாயில் கவ்வும் வெப்பமானி இரண்டும் வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினேன். போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் எங்கும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம் வர வேண்டும். கால் சுற்று மூடு, இருபது நிமிடம் காத்திரு, மறுபடி பார். ராத்திரி சின்ன அறையில் 20 டிகிரி.

அன்றைக்கே இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாய்லர் எரிவதும் அணைவதுமாக நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. 30 கிலோவாட் என்பது குளியல் தண்ணீருக்காக. 35 டிகிரி ஏற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் தரும். எங்கள் 10 லிட்டர் வாளி 52 வினாடியில் நிறைந்தது, அதில் குறையில்லை. ஆனால் இந்த அளவு வீட்டைச் சூடாக்க, உறைபனி நாளிலும் எட்டு கிலோவாட் போதும். ஹீட்டிங் சக்தியைக் குறைத்து வைக்க மெனுவிலேயே வழி இருக்கிறது, யாரும் தொடவில்லை. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடும் 80 டிகிரியில் இருந்தது. திரும்பி வரும் தண்ணீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் புகையின் நீராவி குளிர்ந்து, அந்த வெப்பமும் வீட்டுக்குள் வரும். கண்டென்சிங் பாய்லருக்குக் காசு கொடுத்ததே அதற்குத்தான். 60-க்கு இறக்கினேன். அறை சூடாகக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

2022 டிசம்பர் இரண்டாம் வாரம் இங்கே எப்படிக் குளிர்ந்தது என்று இருந்தவர்களுக்குத் தெரியும். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். காலை ஆறு மணிக்கு பாய்லருக்குள் கொடகொடவென்று சத்தம், அப்புறம் ஒரு பிழை எண், அப்புறம் அமைதி. குளிர்ந்த நீராவி தண்ணீராக வெளியேறும் குழாய் உறைந்துவிட்டது. வெளிச்சுவரில் ஓடுவது 32 மில்லிமீட்டர் அகலமாக, உறை போட்டு, முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும். எங்களுடையது ஒல்லிக் குழாய், வடக்குச் சுவரில் மூன்று மீட்டர், உறை கிடையாது. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "கொதிக்கிறத அப்படியே ஊத்தாதடா, வெடிச்சுரும்" என்று அம்மா ஜன்னல் வழியே கத்தினார். விளாவி, முழங்கை வளைவில் மெதுவாக ஊற்றினேன். இருபது நிமிடம் கழித்து உள்ளே ஏதோ வழுக்கி விழுந்த சத்தம். பாய்லர் எழுந்தது.

பாய்லர் பொருத்திய அண்ணனைக் கூப்பிட்டேன். மறுநாளே வந்து, காசு வாங்காமல் குழாயை மாற்றினார். "இப்பிடிக் குளிருமெண்டு ஆர் கண்டது தம்பி" என்றார். மோசமான ஆள் இல்லை, அவசரக்காரர். வெறுமையாகக் கிடந்த படிவத்தையும் அன்று நீட்டினேன். அளந்து எழுதிக் கொடுத்தார்.

கேஸ் கணக்கு: முதல் வருடம் 14,100 யூனிட் (கிலோவாட்-மணி), மூன்றாம் வருடம் 11,300. அந்த டிசம்பரில் யூனிட் சுமார் 10.3 பென்ஸ் விற்றதை நினைத்தால் சின்னத் தொகை இல்லை. ஆனால் மூன்றாம் குளிர்காலம் கொஞ்சம் மிதமாகவும் இருந்தது, எல்லாப் பெருமையையும் என் ஸ்பானருக்குக் கொடுக்க மாட்டேன். வருடாவருடம் சர்வீஸ் செய்கிறேன். நான்காவது குளிர்காலத்தில் பாய்லர் ஒருநாளும் நிற்கவில்லை.

ஒரு நஷ்டத்தை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பழைய செம்புத் தொட்டி இருந்த அலமாரியில்தான் இட்லி மாவு ராத்திரியோடு ராத்திரியாகப் பொங்கும். காம்பியில் தொட்டியே கிடையாது, அலமாரி இப்போது வெறும் துணி அலமாரி. மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, லைட்டை மட்டும் போட்டுவிட்டுப் படுக்கிறோம்.