அம்பாசடரில் இசுசூ இன்ஜின்: நான்கு வருட ரேடியேட்டர் அனுபவம்

அப்பாவின் 1982 மாடல் அம்பாசடர் மார்க் 4-இல் கான்டெஸா காரின் இசுசூ பெட்ரோல் இன்ஜினை ஏற்றி நான்கு வருடம் ஆகிறது. பழையது 1489 சி.சி., இது 1817 சி.சி. இழுவை பிரமாதம். ஆனால் முதல் வருடம் முழுக்க என்னைப் படாதபாடு படுத்தியது இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்தான். (இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முதலில் அதை முடித்துவிடுங்கள்.)

பழைய ரேடியேட்டரையே சுத்தம் செய்து மாட்டினோம். பெங்களூருவிலிருந்து ஓசூர் வரை சூடு காட்டும் ஊசி அசையவில்லை. திரும்பும்போது சில்க் போர்டு நெரிசலில் கொதித்துவிட்டது. சரி, கொள்ளளவு போதவில்லை என்று நான்கு வரிசை ட்யூப் உள்ள கோர் (தண்ணீர் ஓடிக் குளிரும் நடுப்பகுதி) போட்டேன். பணம் போனதுதான் மிச்சம். சிக்னலில் நின்றால் மறுபடியும் சூடு ஏறியது.

ஓடும்போது சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தையோ கோரையோ பார்க்க வேண்டும். நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். இது தெரியாமல் ஒரு வருடம் வீணாக்கினேன்.

சிவாஜிநகரில் ரேடியேட்டர் கடை வைத்திருக்கும் வேலூர்க்கார அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு தினசரித் தாளைக் கிழித்து கோரின் முன்பக்கம் வைத்தார். ஃபேன் சுற்றும் வட்டத்துக்கு நேரே தாள் ஒட்டிக்கொண்டது. மூலைக்கு நகர்த்தியதும் கீழே விழுந்தது. அந்த வட்டமும் நடுவில் இல்லை, புது இன்ஜினால் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. "தம்பி, நாலு வரிசை வேண்டாம், இந்த ஃபேனுக்குக் காத்து உள்ள போகாது. மூணு போதும். பின்னால தகரத்துல கூண்டு அடிச்சுடலாம்" என்றார்.

அப்படியே செய்தோம். மூன்று வரிசைத் தாமிரக் கோர், முழுக் கோரையும் மூடும் தகரக் கூண்டு, இன்ஜின் பக்கம் பொருத்தி, கோர் வழியாகக் காற்றை இழுக்கும் எலக்ட்ரிக் ஃபேன். அன்று தாள் நான்கு மூலையிலும் ஒட்டியது! ஃபேனை கிரில் பக்கம் வைத்தால் ஓடும்போது வரும் காற்றை அதுவே மறிக்கும். பழைய டைனமோ தரும் கரண்ட்டை நம்பி எலக்ட்ரிக் ஃபேன் போடாதீர்கள், ஆல்டர்னேட்டர் வேண்டும்.

ரேடியேட்டர் மூடியிலும் ஒரு பாடம் கற்றேன். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் வெறும் தண்ணீர் இங்கே ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி தாங்கும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி கூடும். அந்தக் கணக்கில் 13 பி.எஸ்.ஐ. மூடி போட்டேன், பழைய பித்தளைத் தொட்டியின் ஈயப்பற்று விட்டுவிட்டது. இப்போது 7 பி.எஸ்.ஐ. மூடிதான்.

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஒருமுறை ஊசி எகிறியது. இந்தத் தடவை காற்று காரணமில்லை. பம்ப் இழுத்த இழுப்பில் ரேடியேட்டரின் கீழ் ஓஸ் (ரப்பர் குழாய்) சப்பிப்போயிருந்தது. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஓஸ் மாற்றியதும் தீர்ந்தது.

போர் தண்ணீர் ஊற்றுவதே இல்லை, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான். போன மே மாத வெயிலில் அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து சேலம் போய் வந்தேன். சில்க் போர்டில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தபோதும் ஊசி பாதியைத் தாண்டவில்லை. கீழ்த்தொட்டி ஓரத்தில் மட்டும் லேசான ஈரம் தெரிகிறது. அடுத்த ஞாயிறு அண்ணன் கடைக்குப் போக வேண்டும்.